நுண்கணிதமும் நிளா நதிக்கரை ஆசிரியர்களும்

பி.யூ.சி. இரண்டாம் ஆண்டு படிக்கும் பிள்ளை உள்ள வீடுகளில் 'கால்குலஸ்' என்ற சொல் அடிக்கடி காதில் விழும். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இதற்கு நுண்கணிதம் என்று பெயர். வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதம் என்று அதை இரண்டாகப் பிரிப்பார்கள். நம்ம பெங்களூரில் பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிப்பதால் அந்த அழகான தமிழ்ப் பெயர்கள் பெரும்பாலும் அவர்களுக்குத் தெரிவதில்லை. தெரிந்திருப்பது சூத்திரங்கள்தான். அவற்றுள் எல்லாருக்கும் மனப்பாடமான ஒன்று உண்டு: எக்ஸின் ஏதோ ஓர் அடுக்கைத் தொகையிட வேண்டுமா, அடுக்கோடு 1 கூட்டு, கூட்டி வந்த எண்ணால் வகு. எக்ஸின் வர்க்கம் கனமாகி 3-ஆல் வகுபடும். கனம் நாலாம் அடுக்காகி 4-ஆல் வகுபடும்.

ஏன் வகுக்கிறோம் என்று கேட்டால் எத்தனை பேர் சொல்வார்கள்? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியையும், அதற்கு ஏறத்தாழ 500 ஆண்டுகளுக்கு முன்பே ஓர் ஆசிரியர் தம் தாய்மொழியில் எழுதி வைத்த பதிலையும் பற்றியது.

நான் இந்தச் சூத்திரத்தைப் படித்தது 1977-இல், இதே நகரத்தில். விரிவுரையாளர் ஆங்கிலத்தில் சொல்லுவார், சந்தேகம் கேட்டால் கன்னடத்தில் விளக்குவார், நான் அதைத் தமிழில் யோசித்துக் கொள்வேன். நல்ல ஆசிரியர்தான். வகைக்கெழுவுக்கு எதிர்ச்செயல் தொகையீடு, அதனால் இந்தச் சூத்திரம் வருகிறது என்று பலகையில் இரண்டு வரியில் நிரூபித்துக் காட்டிவிடுவார். தர்க்கத்தில் குறை இல்லை. ஆனால் கொத்துமல்லிக் கட்டு விலையை அதை விற்றவரிடம் கேட்காமல் வாங்கியவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது போல இருந்தது எனக்கு. எண்களைக் கூட்டிக் கொண்டே போனால் அந்த 3 எங்கிருந்து வந்து குதிக்கிறது என்பது விளங்கவில்லை. அப்புறம் கடை, கல்லா, குடும்பம் என்று வருஷங்கள் ஓடின. எங்கள் பாத்திரக் கடை சிக்பேட்டையில் இருந்ததால் அவென்யூ ரோடு பழைய புத்தகக் கடைகள் கூப்பிடு தூரம். மதியம் வியாபாரம் மந்தமாக இருக்கும் நேரத்தில் போய் நிற்பேன். அப்படிக் கைக்கு வந்ததுதான் எஸ். பாலச்சந்திர ராவ் 1994-இல் வெளியிட்ட இந்தியக் கணிதமும் வானியலும் பற்றிய ஆங்கில நூல். பசவனகுடி நேஷனல் கல்லூரியில் கணிதப் பேராசிரியராகவும் முதல்வராகவும் இருந்தவர் அவர். அந்த நூல் வழியாகத்தான் கேரளத்து மாதவன், நீலகண்டன், ஜ்யேஷ்டதேவன் ஆகியோரின் பெயர்களை முதன்முதலாக அறிந்தேன். என் மாணவப் பருவத்துச் சந்தேகத்தை அவர்கள் ஏற்கெனவே எதிர்கொண்டிருந்தார்கள்.

முதலில் இவர்கள் யார் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாரதப்புழை எனப்படும் நிளா நதியின் கரைகளை ஒட்டிய ஊர்களில், 14ஆம் நூற்றாண்டு முதல் 17ஆம் நூற்றாண்டு வரை அறுபடாத ஓர் ஆசிரிய-மாணவர் வரிசை இருந்தது. தொடக்கம் சங்கமகிராமத்து மாதவன், காலம் சுமார் 1340 முதல் 1425 வரை. சங்கமகிராமம் என்பதை இரிஞ்ஞாலக்குடைப் பக்கம் என்று பெரும்பாலோர் கொள்வர். அவர் மாணவர் வடசேரிப் பரமேசுவரன், 50 ஆண்டுகளுக்கு மேல் கிரகணங்களைக் கண்ணால் பார்த்துப் பார்த்துக் குறித்து வைத்தவர், 1431-இல் திருக்கணிதம் என்ற முறையை வகுத்தவர். அவர் மகன் தாமோதரன். தாமோதரனிடம் படித்தவர்கள் திருக்கண்டியூர்க் கேளல்லூர் நீலகண்ட சோமயாஜியும் (1444-இல் பிறந்து நூறாண்டு வாழ்ந்தவர் என்பர்) ஜ்யேஷ்டதேவனும். நீலகண்டரின் தந்திர சங்கிரகம் 1500-ஐ ஒட்டி எழுதப்பட்டது. ஜ்யேஷ்டதேவனின் யுக்திபாஷை சுமார் 1530. இந்த வரிசையில் பின்னால் வரும் அச்சுதப் பிஷாரடியிடம் பாடம் கேட்டவர்தான் நாராயணீயம் பாடிய மேல்பத்தூர் நாராயண பட்டத்திரி.

இவர்களுள் நம் கதைக்கு முக்கியமானவர் ஜ்யேஷ்டதேவன். அக்காலத்தில் சாஸ்திரம் என்றால் சமஸ்கிருதம், சமஸ்கிருதம் என்றால் செய்யுள். சூத்திரத்தைச் சுலோகமாகக் கட்டி வைப்பார்கள், காரணத்தை ஆசிரியர் வாயால் சொல்லுவார். ஆசிரியர் போனால் காரணமும் போகும். ஜ்யேஷ்டதேவன் செய்தது வேறு. யுக்திபாஷையை மலையாளத்தில், அதுவும் உரைநடையில் எழுதினார். யுக்தி என்றால் காரணம், நிரூபணம். பெயரிலேயே நோக்கம் இருக்கிறது. 15 அதிகாரங்கள், முதல் 7 கணிதம், பின் 8 வானியல். எண் என்றால் என்ன, கூட்டல் கழித்தல் என்றால் என்ன என்று அரிச்சுவடியிலிருந்து தொடங்கி, பின்னம், மூன்றின் விதி என்று ஏறி, வட்டத்தின் சுற்றளவு வரை மாணவனைக் கைபிடித்துக் கூட்டிப் போகிறது. கூட்டுக, களைக, பெருக்குக என்ற வினைகள் மலையாளக் கணக்கிலும் நம் கணக்கிலும் ஒன்றுதானே! நம் காதுக்கு அந்நியமான பாஷை அல்ல அது.

சரி, அந்த 3 எப்படி வருகிறது? கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கால்குலேட்டர் பக்கத்தில் இருந்தால் நல்லது.

1 முதல் 10 வரை கூட்டினால் 55. 10-இன் வர்க்கத்தில் பாதி 50. 1 முதல் 100 வரை கூட்டினால் 5,050, 100-இன் வர்க்கத்தில் பாதி 5,000. 1 முதல் 1,000 வரை 5,00,500, பாதி 5,00,000. எண்ணிக்கை கூடக் கூட, வித்தியாசம் மொத்தத்தோடு ஒப்பிடும்போது ஒன்றுமில்லாமல் போகிறது. ஆகவே எண்களின் கூட்டல் என்பது கடைசி எண்ணின் வர்க்கத்தில் பாதி. யுக்திபாஷை இதற்குச் சங்கலிதம் என்று பெயர் சொல்கிறது. இது அடுக்கு 1-க்கு, 2-ஆல் வகுப்பது.

இனி வர்க்கங்களைக் கூட்டுவோம். எங்கள் கடைப் பழக்கத்தில் சொல்கிறேன். டபராக்களை அடுக்குகிறோம் என்று வைத்துக் கொள்ளுங்கள். முதல் வரிசையில் ஓர் அடுக்கு, அதில் 1 டபரா. இரண்டாம் வரிசையில் 2 அடுக்கு, ஒவ்வொன்றிலும் 2 டபரா. இப்படியே நூறாம் வரிசையில் 100 அடுக்கு, ஒவ்வொன்றிலும் 100. மொத்த டபரா 1-இன் வர்க்கம், 2-இன் வர்க்கம் என்று 100-இன் வர்க்கம் வரை கூட்டிய தொகை. இதுதான் நமக்கு வேண்டும். இப்போது எல்லா அடுக்குகளையும் 100 உயரத்துக்கு நிரப்பிவிட்டால்? அடுக்குகள் 5,050, உயரம் 100, ஆக 5,05,000 டபரா. நிரப்புவதற்கு எத்தனை கூடுதலாக வாங்க வேண்டியிருந்தது என்று மேலிருந்து மட்டம் மட்டமாக எண்ணிப் பார்த்தால், அது முதல் 99 அடுக்குகள், முதல் 98 அடுக்குகள் என்று இறங்குவதல்ல, 1 முதல் 99 வரை கூட்டியது, 1 முதல் 98 வரை கூட்டியது, 1 முதல் 97 வரை கூட்டியது என்று இறங்கி வரும். கூட்டல்களின் கூட்டல்! ஒவ்வொரு கூட்டலும் ஒரு வர்க்கத்தில் பாதி என்று இப்போதுதான் பார்த்தோம். ஆகவே கூடுதலாக வாங்கியது, நாம் தேடும் வர்க்கத் தொகையில் ஏறத்தாழ பாதி. அதாவது வர்க்கத் தொகையும் அதன் பாதியும் சேர்ந்து, அதாவது ஒன்றரை மடங்கு, 100-இன் கனத்தில் பாதிக்குச் சமம். ஒன்றரை மடங்கு பாதி என்றால் ஒரு மடங்கு மூன்றில் ஒன்று. வந்துவிட்டதா 3?

சரிபார்த்துக் கொள்ளலாம். உண்மையான வர்க்கத் தொகை 3,38,350. நிரப்பியது 1,66,650. முன்னதில் பாதி 1,69,175. கனத்தில் மூன்றில் ஒன்று 3,33,333. கிட்டத்தட்டப் பொருந்துகிறது, 1,000 வரை போனால் இன்னும் நெருங்கும். இதே உபாயத்தை மறுபடி பயன்படுத்தினால் கனங்களின் தொகை நாலாம் அடுக்கில் நாலில் ஒன்று. இப்படியே மேலே மேலே. ஒவ்வொரு படியும் முந்திய படியின் மேல் நிற்கிறது. டபரா என் உதாரணம், தர்க்கம் ஜ்யேஷ்டதேவனுடையது. அவர் கோட்டைத் துண்டுகளாகப் பிரிக்கச் சொல்கிறார், துண்டு அணுவளவுக்குச் சிறிதாகச் சிறிதாக விடை துல்லியமாகும் என்கிறார். இன்றைய வகுப்பில் 'லிமிட்' என்று சொல்லப்படும் எல்லைக் கருத்தின் சாரம் இதில் அடங்கியிருக்கிறது எனலாம். எண் சூத்திரத்தை மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு இந்த ஒரு பத்தியைச் சொல்லிக் கொடுத்தால் போதும், சூத்திரம் மறந்தாலும் தானே உண்டாக்கிக் கொள்ளும்.

எதற்காக இவ்வளவு பாடு? வட்டத்துக்காக. வட்டத்தைச் சுற்றி ஒரு சதுரம் வரைந்து, சதுரத்தின் பக்கத்தைச் சின்னஞ்சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் வட்டத்தில் எவ்வளவு வில் விழுகிறது என்று கணக்கிட்டு, அவற்றைக் கூட்டுகிறார்கள். அந்தக் கூட்டலில்தான் வர்க்கத் தொகையும் நாலாம் அடுக்குத் தொகையும் வருகின்றன. முடிவில் கிடைப்பது மாதவனுடையது என்று அவர் மரபினர் சொல்லும் தொடர்: பையின் நாலில் ஒரு பங்கு என்பது 1-இலிருந்து 1/3 கழித்து, 1/5 கூட்டி, 1/7 கழித்து, 1/9 கூட்டி, முடிவில்லாமல் போவது. ஐரோப்பாவில் இதே தொடரை ஜேம்ஸ் கிரிகரி 1671-ஐ ஒட்டியும் லைப்னிட்ஸ் அதற்கு ஓரிரு ஆண்டுகள் பின்னரும் கண்டார்கள். இன்றைய நூல்களில் மாதவ-லைப்னிட்ஸ் தொடர் என்று போடுகிறார்கள்.

ஆனால் எனக்கு இதைவிட அதிசயமாகப் படுவது அடுத்த படி. இந்தத் தொடர் அழகானது, ஆனால் நடைமுறைக்கு உதவாதது. 10 உறுப்பு கூட்டிப் பாருங்கள், பை 3.04 என்றுதான் வரும். நூறு கூட்டினாலும் இரண்டாம் தசம இடம் சரியாக வராது. பஞ்சாங்கம் கணிப்பவனுக்கு இது எதற்கு ஆகும்? மாதவ மரபினர் இதற்கு ஒரு திருத்தம் சொல்லுகிறார்கள். நிறுத்தும் இடத்தில், கூட்டிய உறுப்புகளின் எண்ணிக்கையை எடுத்துக் கொள், அதன் வர்க்கத்தை 4-ஆல் பெருக்கி 1 கூட்டு, அதனால் எண்ணிக்கையை வகு, வந்ததைச் சேர். 10 உறுப்புக்கு அது 10/401. சேர்த்து 4-ஆல் பெருக்கினால் 3.14159! இதைவிட நுட்பமான இன்னொரு திருத்தமும் உண்டு. 10 உறுப்புக்கு அது 101/4,050 ஆகும். அதைப் போட்டால் 3.1415927 வருகிறது. பத்தே உறுப்பு, ஏழு தசம இடம். லாபத்தில் எவ்வளவு விட்டுப் போகிறது என்று தெரிந்து வைத்திருக்கும் வியாபாரிக்கு இதன் அருமை தெரியும். விட்டுப் போனது எவ்வளவு என்பதையே கணக்கிட்டவர்கள் இவர்கள்.

மாதவன் தந்ததாகச் சொல்லப்படும் மதிப்பு, விட்டம் 90,000 கோடி என்றால் சுற்றளவு 2,82,743 கோடியே 33 லட்சத்து 88 ஆயிரத்து 233. வகுத்துப் பார்த்தால் 11 தசம இடம் சரி. இந்த எண்ணை அவர்கள் இலக்கமாக எழுதவில்லை. கண் என்றால் 2, தீ என்றால் 3, யானை என்றால் 8, தேவர் என்றால் 33 என்று பொருட்பெயர்களால் செய்யுளில் கோத்து வைத்தார்கள். ஓலை பெயர்த்து எழுதுபவன் இலக்கத்தைத் தவறாக எழுதலாம், யானையைத் தவறாக எழுத முடியாது அல்லவா? நீலகண்டர் தம் ஆரியபடீய உரையில் இன்னும் ஒரு படி போய், விட்டத்தை மிச்சமின்றி அளக்கும் அளவுகோலால் சுற்றளவை அளந்தால் மிச்சம் விழும், எவ்வளவு சிறிய கோல் எடுத்தாலும் இரண்டும் ஒருசேர மிச்சமின்றி வராது என்கிறார். சைன் அட்டவணைக்கும் இவர்கள் இதே வகைத் தொடர்களைக் கண்டனர். அதை இங்கே விரிக்கவில்லை.

இது வெளியே தெரிந்த கதை சுவையானது, வருத்தமானதும் கூட. சார்லஸ் விஷ் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி மலபாரில் வேலை பார்த்தார். ஓலைகள் சேகரிப்பதும் பண்டிதர்களிடம் பாடம் கேட்பதும் அவர் பொழுதுபோக்கு. தந்திர சங்கிரகம், யுக்திபாஷை, கரணபத்ததி, சத்ரத்னமாலை ஆகிய நான்கு நூல்களிலும் முடிவிலாத் தொடர்கள் இருப்பதைக் கண்டார். இவற்றுள் சத்ரத்னமாலையை எழுதிய கடத்தநாட்டுச் சங்கரவர்மன் விஷ்ஷின் காலத்திலேயே வாழ்ந்தவர். கூடவே இருந்த வெள்ளைக்காரர்கள் நம்பவில்லை. சென்னையில் 1825-இல் காலசங்கலிதம் என்ற பெரிய நூலை வெளியிட்ட ஜான் வாரன், ஜார்ஜ் ஹைன் என்பவரின் கருத்தை ஏற்று, இத்தொடர்களை இந்தியர்கள் ஐரோப்பியரிடமிருந்து பெற்றிருக்க வேண்டும் என்றே கருதினார். விஷ் விடவில்லை. அவர் கட்டுரை 1832 டிசம்பரில் லண்டன் ராயல் ஏஷியாட்டிக் சொசைட்டியில் வாசிக்கப்பட்டு 1834-இல் அச்சானது. அச்சில் பார்க்க அவர் இல்லை. 1833-இல், 40 வயது நிரம்புமுன், கடப்பையில் இறந்து போனார். அவர் சேர்த்த ஓலைகள் அந்தச் சொசைட்டிக்குப் போயின. அதற்குப் பின் ஏறக்குறைய 100 ஆண்டுகள் அந்தக் கட்டுரையை யாரும் பெரிதாகச் சட்டை செய்யவில்லை.

அந்த வாரன் நூலிலேயே நமக்கு ஒரு செய்தி இருக்கிறது. புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைக் கொண்டு, 1825ஆம் ஆண்டுச் சந்திர கிரகணம் ஒன்றை வாரன் முன்னிலையில் கணித்துக் காட்டினார். ஒரு புத்தகம் கிடையாது, ஓர் இலக்கம் எழுதவில்லை. கிரகணத் தொடக்கம் 4 நிமிடமும் நடுப்பகுதி 23 நிமிடமும்தான் பிசகியது. 1952-இல் நாய்கபாவர் என்ற பேரறிஞர் 'தமிழ் வானியல்' என்றே தலைப்பிட்டு இதை ஆராய்ந்தார். லத்தீனில் கால்குலஸ் என்றால் கூழாங்கல், கல்லை வைத்துக் கணக்குப் போட்டதால் வந்த பெயர். அந்தப் பொருளில் பார்த்தால் புதுச்சேரிக்காரர் அசல் கால்குலஸ்காரர். ஆனால் வாரன் இன்னொன்றும் சொல்கிறார்: தாம் செய்யும் கணக்குக்குப் பின்னால் உள்ள தத்துவம் அவருக்கு ஒன்றும் தெரியாது. சோழி நகர்ந்தது, விடை வந்தது, காரணம் எங்கோ தொலைந்துவிட்டது.

இதுதான் என் கவலை. நம் கணக்கதிகாரத்தை எடுத்துக் கொள்ளுங்கள், காரி நாயனார் செய்தது. பலாப்பழத்தின் முள்ளை எண்ணி உள்ளே எத்தனை சுளை என்று சொல்லும் கணக்கு அதில் உண்டு, வட்டத்துக்கும் நிலத்துக்கும் விதிகள் உண்டு. திண்ணைப் பள்ளியில் எண்சுவடி ஒப்பித்த நம் முன்னோர் மனக்கணக்கில் யாருக்கும் சளைத்தவர்கள் அல்லர். ஆனால் விதி இருக்கிறது, ஏன் என்பது நூலில் இல்லை. நிளைக்கரைக்கும் நமக்கும் உள்ள வேறுபாடு புத்தியில் இல்லை, எழுதி வைத்ததில்தான் இருக்கிறது என்பது என் துணிபு.

இதற்காகத் தமிழ்நாட்டுக்கு அந்த மரபோடு ஒட்டுறவே இல்லை என்று எண்ண வேண்டாம். நம் வீடுகளில் ஆணியில் தொங்கும் வாக்கியப் பஞ்சாங்கத்துக்கு மூலநூல் வாக்கியகரணம், காஞ்சிப் பகுதியில் சுமார் 1300-இல் எழுந்தது. அது எடுத்தாளும் 248 சந்திர வாக்கியங்கள் வரருசியின் பெயரில் வழங்குபவை. அவற்றையே மாதவன் இன்னும் நுட்பமாகத் திருத்தியமைத்தார். வாக்கியகரணத்துக்கு உரை எழுதியவர் சுந்தரராஜன் என்ற தமிழ்நாட்டு வானியலர். உரையை 1962-இல் குப்பண்ண சாஸ்திரியும் கே.வி. சர்மாவும் சென்னையில் பதிப்பித்தனர். இந்தச் சுந்தரராஜன் தமக்கு எழுந்த சந்தேகங்களை மலைக்கு அப்பால் இருந்த நீலகண்ட சோமயாஜிக்கு எழுதி அனுப்பினார். அவரும் பதில் எழுதினார். அதற்கே சுந்தரராஜ பிரச்னோத்தரம் என்று பெயர். கேட்டவர் பெயரையே நூலுக்கு வைத்திருக்கிறார்கள் பாருங்கள்! பாலக்காட்டுக் கணவாய் வழியாக மிளகும் அரிசியும் போய்வந்ததோடு கேள்வியும் பதிலும் போய்வந்தன.

கன்னட நாட்டில் இருந்துகொண்டு இங்குள்ளதைச் சொல்லாமல் விட்டால் குறை. எங்கள் நயினார் குடும்பங்களில் பெயரளவில் எல்லாரும் அறிந்தது தவளா என்ற உரைநூல். வீரசேனர் அதை கி.பி. 816-இல் முடித்தார். அதன் பழைய ஓலைப்படிகள் மூடபித்ரியில் பாதுகாக்கப்பட்டவை. அதில் உலகத்தின் வடிவம் வட்டமான மிருதங்கம் போன்றதா என்று ஒரு விவாதம். மிருதங்கமானால் கன அளவு ஆகம மதிப்பான 343 கன ரஜ்ஜு வர வேண்டுமே என்று வீரசேனர் கணக்கிடுகிறார். ஒருபுறம் அகன்று மறுபுறம் குறுகிய உருளையின் நடுவை வெட்டியெடுத்து, சுற்றியுள்ளதைப் பாய் போல விரித்து, அதை வெட்டி, மிஞ்சியதை மறுபடி வெட்டி, ஒவ்வொரு முறையும் நாலில் ஒன்றாகக் குறைந்துபோகும் துண்டுகளை முடிவில்லாமல் கூட்டுகிறார். விடை 343-இல் பாதிகூட வரவில்லை. ஆகவே வடிவம் அதுவல்ல என்று முடிக்கிறார். கொள்கை எதுவானாலும் கணக்கு கணக்குத்தான் என்று நின்ற அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். முடிவிலாக் கூட்டலால் கன அளவு காண்பது தொகை நுண்கணிதத்தின் விதை. மழகேடில் அமோகவர்ஷன் ஆட்சியில், சுமார் 850-இல், மகாவீராச்சாரியார் செய்த கணித சார சங்கிரகத்தை ரங்காச்சாரியார் 1912-இல் சென்னையில் பதிப்பித்தார், 2000-இல் பத்மாவதம்மா கன்னடத்தில் பெயர்த்தார். அதில் நுண்கணிதம் இல்லை. இருப்பதாகச் சிலர் மேடையில் பேசுகிறார்கள், அது சரியல்ல. 12ஆம் நூற்றாண்டில் ராஜாதித்யர் கன்னடத்திலேயே வியவஹார கணிதம் எழுதினார். தாய்மொழியில் கணக்கு எழுதும் வழக்கம் இந்த மண்ணுக்கும் பழக்கமானதே.

இனி எடை போடும் வேலை. நம் கூட்டங்களில் இரண்டு வகைப் பேச்சு கேட்கிறேன். எல்லாம் நம்முடையது, வெள்ளைக்காரன் திருடிவிட்டான் என்பது ஒன்று. நம்மிடம் ஒன்றுமே இல்லை, எல்லாம் அவர்கள் கொடுத்தது என்பது மற்றொன்று. இரண்டுமே தராசில் கை வைத்து அழுத்துவதுதான். இருந்தது என்ன? முடிவிலாத் தொடர், அதற்கு நிரூபணம், எல்லைக் கருத்து, அடுக்குகளின் தொகை, விட்டுப் போனதற்குத் திருத்தம். 1150-இல் இரண்டாம் பாஸ்கரர் கிரகத்தின் தற்கால கதி, அதாவது அந்தக் கணத்தின் வேகம், என்று ஒன்றைக் கணக்கிட்டதும் வகை நுண்கணிதத்தின் வாசல்தான். இல்லாதது என்ன? எந்த வளைவுக்கும் பொருந்தும் பொதுமுறை இல்லை. வகையிடலும் தொகையிடலும் ஒன்றுக்கொன்று எதிர்ச்செயல் என்ற அடிப்படைத் தேற்றத்தைப் பொதுவாக யாரும் இங்கே சொல்லவில்லை. அவர்களுக்கு வட்டமும் கோள்களும் போதுமாக இருந்தன. அந்தப் பொதுமுறை 1665-ஐ ஒட்டி நியூட்டனிடமும், தனியாக லைப்னிட்ஸிடமும் உருவாயிற்று. லைப்னிட்ஸ் 1684-இல் அச்சிட்டார். யார் முதல் என்று அவர்கள் போட்ட சண்டை உலகறிந்தது. ராயல் சொசைட்டி 1712-இல் குழு அமைத்தபோது அதன் தலைவர் நியூட்டன், குழு அறிக்கையை வரைந்தவரும் அவரே! கொச்சியில் இருந்த பாதிரிமார் வழியாகக் கேரளக் கணிதம் ஐரோப்பா போயிருக்கலாம் என்று சிலர் எழுதுகிறார்கள். வழி இருந்தது உண்மை. ஆனால் போனதற்குச் சாட்சியாக ஓர் ஓலையோ கடிதமோ இதுவரை அகப்படவில்லை. ரசீது இல்லாத பாக்கியை நான் பேரேட்டில் எழுதமாட்டேன்.

நமக்கு உறுதியாகத் தெரிந்த அளவு தெரிந்ததற்கும் சிலர் உழைத்தார்கள். திருவல்லிக்கேணியில் 1903-இல் பிறந்த சி.டி. ராஜகோபால் அவர்களுள் முதல்வர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பின் ராமானுஜன் கணித நிறுவனத்திலும் இருந்தவர், நவீனக் கணித ஆராய்ச்சியே அவர் தொழில். முகுந்த மாராருடன் சேர்ந்து 1944-இல் அவர் எழுதிய கட்டுரைதான் விஷ் விட்ட நூலை மறுபடி கையில் எடுத்தது. 1948-இல் திருச்சூரில் ராமவர்ம மரு தம்புரானும் அகிலேசுவர அய்யரும் யுக்திபாஷையின் கணிதப் பகுதியை விளக்கத்தோடு அச்சிட்டார்கள். டி.ஏ. சரஸ்வதி அம்மா இந்திய வடிவகணிதம் பற்றி 1979-இல் வெளியிட்ட நூலை, வீட்டில் படிக்கும் பெண்பிள்ளை இருந்தால் அவசியம் காட்டுங்கள். மைசூர் மகாராஜா கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஏ.ஏ. கிருஷ்ணசுவாமி அய்யங்கார், கவிஞர் ஏ.கே. ராமானுஜனின் தந்தை, 1929-30 வாக்கில் பாஸ்கரரின் சக்கரவாள முறைக்கு நிரூபணம் எழுதினார். நம்மைப்போல இங்கே வந்து வாழ்ந்த தமிழ்க் குடும்பம். கே.வி. சர்மா கேரளத்துச் செங்கன்னூரில் பிறந்து, வாழ்நாள் முழுவதும் ஓலைகளைத் தேடிப் பதிப்பித்து, சென்னை அடையாறில் இருந்து பணி செய்து, 2005-இல் மறைந்தார். அவருடைய யுக்திபாஷை ஆங்கில மொழிபெயர்ப்பு, ராமசுப்பிரமணியன், எம்.டி. ஸ்ரீநிவாஸ், எம்.எஸ். ஸ்ரீராம் ஆகியோரின் விளக்கங்களுடன் 2008-இல் இரண்டு தொகுதிகளாக வந்தது. வர்க்கத் தொகை பற்றிய பகுதி முதல் தொகுதியில், வட்டத்தைப் பற்றிய அதிகாரத்தில் இருக்கிறது. பி.யூ.சி. கணக்குத் தெரிந்த பிள்ளை அந்தப் பக்கங்களைத் தானே படித்துப் புரிந்துகொள்ள முடியும்.